பானை ஓட்டுக்கு எண் எழுதுவது

ஊர் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடிப் பேழைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேழைகளுக்கு உயிர் கொடுப்பது பின்னறையில் இருக்கும் பதிவேடு. கறுப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து எந்த ஊர் என்று கேட்டால், எவ்வளவு பழகியவரும் தடுமாறுவார். கொடுமணல், பொருந்தல், ஆதிச்சநல்லூர் என்று அகழாய்வு நடந்த ஊர்களில் எங்கும் கிடைக்கிற வகை அது. அதன் ஊரைச் சொல்வது உள்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்தான்.

ஆழமும் அப்படித்தான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று 2019இல் வெளியான அகழாய்வு அறிக்கை சொன்னது. குழி எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டு வழியில் தொலைந்திருந்தால், கரியின் வயது மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த வயதை எந்த மண்ணடுக்குக்குக் கொடுப்பது என்று தெரிந்திருக்காது.

ஓட்டில் எண் எழுதுவது எளிய வேலைபோலத் தெரியும். அவசரப்பட்டால் முதலில் கெடுவதும் அதுதான். எழுதுமுன் ஓட்டைக் கழுவ மென்மையான பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போதும், சோப்பு கூடாது. கீறல் குறியீடோ தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தோ இருக்கும் பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல எடுக்கலாம். உள்சுவரில் கரியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருந்தால் அந்த ஓட்டைக் கழுவாமலே தனியே வையுங்கள். என்ன சமைத்தார்கள் என்று ஆய்வகத்தில் பார்க்க அந்தப் பிசுக்குதான் வேண்டும்.

கழுவிய ஓடு நிழலில் முழுக்கக் காய வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். உள்ளே ஈரம் இருந்தால் பூச்சு தோல்போல உரிந்து வரும், எண்ணும் கூடவே போகும். காய்ந்தபின், அசிட்டோனில் 15 முதல் 20 சதவீதம் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினை 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையாகப் பூச வேண்டும். அது நன்றாக உலர்ந்ததும் அதன்மேல் எழுத வேண்டும். உள்பக்கம் கறுப்பாக இருப்பதால் வெள்ளை அக்ரிலிக் மை தெளிவாகத் தெரியும். எழுத்து காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு. இதைத் தூரிகையின் ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் அடிப்பூச்சு கரைந்து எழுத்து கலங்கும். பின்னாளில் எண்ணை எடுக்க நேர்ந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சு போதும். பூச்சில்லாமல் நேரே எழுதினால் மண் மையைக் குடித்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. நெயில் பாலிஷ் மஞ்சளாகி உரியும். செல்லோ டேப்பின் பசை ஓட்டில் கறையாகத் தங்கும்.

உடைந்த விளிம்பில் எழுதவே கூடாது. நாளை அடுத்த துண்டு கிடைத்தால் ஒட்டுவது அந்த இடத்தில்தான். 2 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகளுக்குப் பையும் சீட்டும் போதும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் பைக்குள் போட வேண்டும். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும்.

இரும்புக்கு இந்த முறை ஆகாது. துரு பொருக்குப் பொருக்காக உதிரும்போது எண்ணும் உதிர்ந்துவிடும். நூலில் கட்டிய அட்டையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவும்தான் வழி.

மக்கள் அன்றாடம் புழங்கிய வாழ்வியல் பொருள்களில் தவறு வேறு விதமாக நடக்கும். தெற்கே சுளகு என்பதை வடக்கே முறம் என்பார்கள். பதிவேட்டில் 'மூங்கில் தட்டு' என்று பொதுவாக எழுதிவிட்டால் ஊரும் போச்சு, சொல்லும் போச்சு. கொடுத்தவர் வாயில் வந்த பெயரை அப்படியே எழுதி, எதற்குப் பயன்பட்டது, யார் முடைந்தது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தானியம் அளக்கும் மரக்கால் வந்தால் கொள்ளளவும் தேவை. 8 படி ஒரு மரக்கால் என்பது வாய்ப்பாடு. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. மரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கூடாது, விரிசல் விடும். காய்ந்த கேழ்வரகைத் தலைதட்டி நிரப்பி, அதை அளவுக் குடுவையில் கொட்டி மில்லிலிட்டரில் எழுதலாம். பிறகு ஒரு தானிய மணிகூடத் தங்காமல் துடைத்துவிட வேண்டும். தானியம் இருந்தால் வண்டு வரும், வண்டு மரத்தோடு நிற்காது.

பதிவேட்டில் வெள்ளை மை பூசித் திருத்துவது பெரிய பிழை. பழைய பதிவு வாசிக்கும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும். தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ ஆதிச்சநல்லூரில் எடுத்த பொருள்களின் பட்டியல் 1915இல் அச்சானது. நூறாண்டு கழித்தும் அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க முடிவது அதனால்தான்.

ஆண்டுக்கொரு முறையாவது இரண்டு வழியிலும் சரிபார்க்க வேண்டும்: பதிவேட்டில் சில எண்களைக் குறித்து அலமாரியில் தேடுவது ஒன்று, அலமாரியிலிருந்து சில பொருள்களை எடுத்துப் பதிவேட்டில் தேடுவது மற்றொன்று. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணில்லாத பொருள்கள் அகப்படுவது அதில்தான். அப்படி ஒன்று வந்தால் ஊகித்து ஊர் எழுத வேண்டாம். தற்காலிக எண், கண்டெடுத்த தேதி, எந்த அலமாரி, எந்தத் தட்டு, பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதி, பழைய சீட்டுத் துணுக்கு கிடந்தால் அதையும் அதே பையில் போட்டு வையுங்கள்.