சந்து மூடிய பிறகு

32 வயதில்தான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் சந்து. யாராவது புகைப்படம் எடுக்க வந்தால் உதடு தானாக மூடிக்கொள்ளும்; சிறு வயதிலிருந்தே அப்படி.

முதல் நாள் பல் மருத்துவர் என் மேலுதட்டை இரு விரல்களால் பிடித்து உயர்த்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். உதட்டையும் ஈறையும் இணைக்கும் சதைநார் விறைத்து நின்றது. முன்பற்களுக்கு இடையில் இருந்த ஈறு அப்படியே வெளுத்துப்போனது. "நார் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் பல்லைச் சேர்த்தால் மறுபடியும் விலகப் பார்க்கும்" என்றார். சிறுவர்களுக்கு ஏழெட்டு வயதில் தெரியும் சந்து, கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளுமாம். எனக்கு மூடவில்லை.

பல் நிறப் பசையால் ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்றும் சொன்னார். பல் அகலமாகத் தெரியும் என்று தோன்றியதால் வேண்டாம் என்றேன். கிளிப் 11 மாதம் இருந்தது. ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

நான்காவது மாதம், நைஜீரியாவின் யொரூபா இனத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் என் பழைய படத்தைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். அவர்கள் மொழியில் இந்தச் சந்துக்கு 'எஜி' என்று பெயர், அழகின் அடையாளம். இயற்கையாக இல்லாதவர்களில் சிலர் பல்லை ராவிச் செயற்கையாக உண்டாக்கிக்கொள்வதும் உண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'மகிழ்ச்சியின் பற்கள்' என்று அழைப்பதைப் பிறகு படித்தேன். அன்றிரவு பழைய படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. ஆனால் இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால், வெட்கத்தால் அல்லாமல் யோசித்து முடிவெடுத்திருப்பேன். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் சந்து ஒரு நோயே அல்ல. பெரியவர்களுக்குப் புதிதாகச் சந்து விழுந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

சந்து மூடியதும் நாரை லேசரால் வெட்டினார்கள். பல்லின் பின்புறம் மெல்லிய கம்பியை ஒட்டினார்கள். அதை எடுத்துவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும் என்பதால் நிரந்தரமாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் நாக்கு சந்தைத் தேடிப் போய், ஒவ்வொரு முறையும் கம்பியில் முட்டித் திரும்பியது.