ஆடி, ஆவணியில் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளுமாய்க் கொழும்புக் கோயில்களுக்கு

ஊரிலிருந்து அம்மம்மாவும் அம்மப்பாவும் வந்து நிற்கும் விடுமுறையில், கொழும்பிலுள்ள கோயில்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டுமென்று பிள்ளைகளுக்கு ஆசை வரும். வான் பிடித்து விடிய வெளிக்கிட்டால், மூன்றாவது கோயில் வாசலில் சின்னப் பிள்ளை அழத் தொடங்கும். அம்மம்மா "நீங்கள் போய்க் கும்பிட்டுக்கொண்டு வாங்கோ" என்று வானுக்குள்ளேயே இருந்துவிடுவார். யாருக்காக வெளிக்கிட்டோமோ அவருக்கே தரிசனம் இல்லாமல் போய்விடும். ஒரு காலைக்கு ஒரு கோயில் போதும். அந்தக் கோயிலில் ஒரு பூசையை, மணி அடிப்பதிலிருந்து திருநீறு வாங்கும் வரை, முழுதாக இருந்து கும்பிட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது அம்மம்மாவுக்கும் ஒரேயளவு பொருந்துகிற ஏற்பாடு இதுதான்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். ஜூலை நடுவில் பிறக்கும் ஆடி, ஓகஸ்ட் நடுவில் ஆவணிக்கு இடம் கொடுக்கும். ஆடிச் செவ்வாயில் அம்மன் கோயில்கள் நிறைந்துவிடும். கொட்டாஞ்சேனை முத்துமாரியம்மனிடமோ வெள்ளவத்தை மயூராபதி பத்திரகாளி அம்மனிடமோ வயதானவர்களைக் கூட்டிப்போவதானால் செவ்வாய், வெள்ளியைத் தவிர்த்து ஒரு புதனோ வியாழனோ போவது நல்லது. அம்மன் அதே அம்மன்தான்; இருக்க ஒரு தூணடி கிடைக்கும்.

ஆடி அமாவாசை வேறு கணக்கு. தகப்பனை இழந்த ஆண்கள் பிதிர்க்கடன் முடித்து, படைத்து, ஒரு நேரம் சாப்பிடும் நாள் அது. அம்மப்பா விரதம் என்றால் அன்று வேறு பயணம் வைக்கவே கூடாது. தீர்த்தமாட முகத்துவாரக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அலைக்குக் கிட்ட விடக்கூடாது. தென்மேல் பருவக்காற்று இன்னும் அடங்காத காலம், மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். தாத்தாவுக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டால் போதும். வீட்டில் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வேண்டுமென்று அம்மம்மா கேட்பார். முதல் நாளே வெள்ளவத்தைச் சந்தையில் தேடி வாங்கி வைத்துவிட வேண்டும். அமாவாசைக் காலையில் போனால் கிடைக்காது.

ஆடிவேல் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய்ப் பயத்தால் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, செட்டியார் தெருவின் நகரத்தார் தங்கள் முருகனின் வேலாயுதத்தைக் கொழும்புக்குள்ளேயே ஊர்வலமாகக் கொண்டுவரத் தொடங்கியதுதான் இந்த விழா. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து காலையில் புறப்படும் தேர், காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். வழிநெடுக நிறைகுடம் வைத்து அர்ச்சனைத் தட்டு நீட்டுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் தேர் நிற்கும். அதனால் "இத்தனை மணிக்கு வரும்" என்று யார் சொன்னாலும் அதற்கு மேலேயும் பிந்தும். வயதானவர்களை வீதியோரத்தில் காக்க வைக்காமல், பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் இருத்தி, மேளச் சத்தம் கேட்ட பிறகு இறக்குவதுதான் சரி. வெயில் சாய்ந்த பிறகு வரும் என்பதால் கட்டடங்களின் நிழல் விழும் கடற்கரைப் பக்க நடைபாதையில் நிற்க வேண்டும். கரும்பு வாங்கித் தருவதானால் வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிக் கொடுங்கள். அந்தச் சனத்துக்குள் பிள்ளை கையில் முழுக் கரும்பு ஆபத்து.

பாட்டன் பாட்டியோடு ஒரேயொரு கோயில்தான் போக முடியும் என்றால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரரைத்தான் சொல்வோம். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் திருப்பணி செய்து 1912இல் குடமுழுக்குக் கண்டார். கொழும்பில் சுதைக்கோயில்களையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, தூணும் கூரையும் கல்லாகவே இருப்பது புதிது. வெளியில் துறைமுக லொறிகள் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே குளிர்ந்து கிடக்கும்.

ஆனால் கல்லுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. வெளிச்சத்திலிருந்து மண்டபத்துக்குள் கால் வைத்ததும் வயதான கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கண்புரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். அப்படியே நடத்திக்கொண்டு போகாமல் முதல் தூணைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்க வைக்க வேண்டும். அடுத்தது வாசற்படி. அதை மிதிக்காமல் தாண்டுவது வழக்கம். முழங்கால் நோ உள்ளவர் ஒற்றைக் காலைத் தூக்கும் அந்தக் கணத்தில்தான் சரிவார். கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் தடுமாறுவார். முழங்கைக்குக் கீழே உங்கள் கையைக் கொடுங்கள், அவர் அதில் ஊன்றிக்கொள்ளட்டும். நோவு குறைந்த கால் முதலில் தாண்ட வேண்டும். மூன்றாவது, கோமுகிப் பக்கம். அபிஷேகத்தின் எண்ணெயும் பாலும் தண்ணீரோடு சேர்ந்து வழியும் இடத்தில் கல் கண்ணாடி போல் வழுக்கும். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வேண்டாம். பக்கத்திலுள்ள புனித அந்தோனியார் தேவாலயத்துக்குச் செவ்வாய்தோறும் கொழும்பே திரண்டு வரும். அதில் நம்மவர்களும் நிறையப் பேர். வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, ஓட்டோவும் வாசல்வரை வராது. ஞாயிறு காலை நல்லது, புறக்கோட்டைக் கடைகள் பூட்டியிருக்கும், கைவண்டிகளும் லொறிகளும் குறைவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியிலிருந்து 100, 101 பஸ்களில் புறக்கோட்டைக்கு வரலாம் என்றாலும், ஏறுபடி உயரம்; கால் வைத்து முடியுமுன் பஸ் நகர்ந்துவிடும். ஆறு பேர் என்றால் இரண்டு ஓட்டோ எடுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். முதியவர்கள் இருவரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றாமல், ஆளுக்கொரு இளையவர் துணை வரும்படி பிரித்து அனுப்ப வேண்டும். இறங்கும் இடத்தில் யாராவது கை கொடுக்க வேண்டுமே.

நேரம் முக்கியம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரலில் ஒரு தடவையும், செப்ரெம்பர் முதல் வாரமளவில் ஒரு தடவையும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வரும். நிழலே விழாத வெயில். வெளிவீதி வெறுங்காலில் தாங்காது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும். நிறையக் கோயில்கள் உச்சிப்பூசைக்குப் பிறகு நடை சாத்தினால் பின்னேரம்தான் திறக்கும். ஆகவே காலைப் பூசைக்கு அரை மணித்தியாலம் முன்னே போய்ச் சேரும்படி வெளிக்கிட வேண்டும். விழா நாட்களில் பூசை நேரம் மாறும், கோயில் அலுவலகத்துக்கு முதல் நாள் ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள். காலையில் சாப்பிட்டுப் போட வேண்டிய பிரசர், சீனி மாத்திரைகளை அம்மம்மா "கும்பிட்டு வந்து போடுறன்" என்று தள்ளிவைப்பார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டு, மாத்திரை போட்ட பிறகே செருப்பு மாட்ட வேண்டும்.

அர்ச்சனைக்கு வீட்டிலேயே ஒரு துண்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதி வையுங்கள். இளம் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் நட்சத்திரம் தெரிந்திருக்கும். மாமனார் மாமியாருடையது தெரியாது. அம்மம்மாவைக் கேட்டால் மூன்று தலைமுறையும் ஒப்புவிப்பார், எழுதுகிற வேலையைப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். தட்டில் ஒரு தேங்காய், இரண்டு கதலிப்பழம், வெற்றிலை, பாக்கு, பூ, ஊதுபத்தி, கற்பூரம். தேங்காய் குடுமியோடு இருக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் கலகலக்க வேண்டும், கண்ணடியில் ஈரம் கசியக் கூடாது. கசிந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது. அழுகல் தேங்காய் உடைந்ததென்று வயதானவர்கள் மனம் கலங்குவார்கள். கையில் இன்னொன்று இருந்தால் குருக்களிடம் கொடுத்து உடனே உடைப்பித்துவிடலாம். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை அழகுதான், ஆனால் நெய்விளக்கு ஏற்றும் இடத்தில் பாவாடைத் தலைப்பை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பருத்தி இன்னும் நல்லது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டிய கோயில்களில் அம்மப்பாவுக்கு ஒரு சால்வை வேண்டும்.

வலம் வருவதற்கு ஆறுமுக நாவலர் எழுதிவைத்த கணக்கு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்: பிள்ளையாருக்கு ஒன்று, சூரியனுக்கு இரண்டு, சிவனுக்கு மூன்று, அம்பாளுக்கு நான்கு. விரல்விட்டு எண்ணுகிற பொறுப்பைச் சின்னவரிடம் கொடுத்தால் ஓட மாட்டார். முழங்கால் ஏலாத அம்மம்மா ஒரு சுற்றோடு கதிரையில் இருந்துகொள்ளலாம். தலைக்குமேல் கை கூப்பினாலும் கும்பிடுதான். விழுந்து கும்பிட்டே ஆகவேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தால், எழும்பும்போது பிடிக்க ஆள் நிற்கிற இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் விழட்டும்.

இந்த விடுமுறையில் செய்யக்கூடியவற்றில் எங்களுக்கு மிகவும் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. தீபாராதனை முடிந்ததும் நம் கோயில்களில் பஞ்சபுராணம் பாடுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். குருக்களிடம் முன்கூட்டியே கேட்டால் பிள்ளையைப் பாட விடுவார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க அம்மம்மாவைவிட நல்ல ஆசிரியர் யாரும் இல்லை. அறநெறிப் பாடசாலையில் வரி வரும், ஓசை வீட்டில்தான் வரும். முதல் தடவைக்குத் திருப்பல்லாண்டு நல்ல தெரிவு. எல்லாப் பாட்டும் ஒரே முடிவு கொண்டவை, கடைசி அடியில் பிள்ளைக்குத் தயக்கம் வராது. ஒரு நாளைக்கு இரண்டு அடிக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் தடங்காமல் பாடிய பிள்ளை சந்நிதியில் மூன்றாம் அடியில் நின்றுவிடும். காரணம் எளிது: வீட்டில் இருந்துகொண்டு, புத்தகத்தைப் பார்த்து, மெதுவாகப் பாடிப் பழகியிருக்கும். இங்கே மணியும் நாதஸ்வரமும் அப்போதுதான் ஓய்ந்திருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒலிவாங்கியில் தன் குரலே வேறாகக் கேட்கும். எனவே கடைசி இரண்டு நாளும் நின்றபடி, கைகூப்பி, புத்தகம் இல்லாமல், பக்கத்தில் ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பாடிப் பழக வேண்டும். தொடக்கச் சுருதியை அம்மம்மா "திருச்சிற்றம்பலம்" சொல்லி எடுத்துக் கொடுக்கட்டும். பிள்ளைகள் தாமாக எடுத்தால் உச்சத்தில் எடுத்துவிட்டு நடுவில் மூச்சு முட்டுவார்கள். அடி மறந்தால் பின்னால் நின்று அம்மம்மா அந்த அடியின் முதற்சொல்லை மட்டும் சொன்னால் போதும்.

ஆவணியில் விநாயக சதுர்த்தி வரும். பம்பலப்பிட்டி வஜிரா வீதிப் பிள்ளையாரிடம் பின்னேரம் போய், வெயில் தாழக் காலிமுகத்திடலில் பட்டம் விட்டு வருவது இரு தலைமுறைக்கும் ஏற்ற மாலை. பருவக்காற்றில் பட்டம் தானே ஏறும். கோயில் மோதகத்தைச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு கிள்ளு மட்டும் கொடுங்கள், பிரசாதத்தை மறுத்த மனக்குறை இருக்காது.

கொழும்புக்கு வெளியே ஒரு நாள் ஒதுக்கினால் முன்னேஸ்வரம். ஈழத்தின் பழைய ஈச்சரங்களில் ஒன்று, வடிவாம்பிகை உறைகிற தலம். சிலாபத்துக்குக் கிட்ட, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஆண்டுத் திருவிழா ஓகஸ்ட், செப்ரெம்பரில் நடக்கும். சிங்கள அடியார்களும் பெருந்தொகையாக வருவார்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதையால் போய் நீர்கொழும்பில் ஒரு தடவை நிறுத்தி எல்லாரையும் மலசலகூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். திருவிழாக் கோயிலில் வயதானவர்கள் அதற்காக வரிசையில் நிற்பது கொடுமை. தேர், தீர்த்த நாட்களைத் தவிர்த்து விழாவின் முதல் வாரத்தில் போனால் வசந்தமண்டபப் பூசையைக் கிட்ட நின்று காணலாம். மாற்றுடுப்பு ஒன்று, சுடுதண்ணிப் போத்தல், மடிக்கும் கதிரை, பிள்ளைக்குப் பிஸ்கற், வாந்திக்கு ஒரு பை. திரும்பும்போது வழியில் செவ்விளநீர் எல்லா இடமும் கிடைக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீர் கூடாது, அவர்களுக்கு வீட்டுத் தண்ணீரையே கொடுங்கள்.