பனி தள்ளும் ஏடிவிக்குப் புது பேட்டரி போட்ட அனுபவம்

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பீட்டர்பரோவுக்கு வடக்கே இருக்கிறோம். வாசலில் இருந்து சாலை வரைக்கும் நீளமான மண்பாதை. குளிர்காலத்தில் அதில் விழும் பனியைத் தள்ளுவது எங்கள் யமஹா கிரிஸ்லி 700 ஏடிவிதான் (கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி). முன்னால் பிளேடு, அதைத் தூக்கி இறக்க ஒரு வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி). போன ஜனவரியில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் என்ஜின் சுற்றவில்லை, 'டிக் டிக்' என்று ரிலே சத்தம் மட்டும் வந்தது.

புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால், பழையது ஏன் போனது என்று தெரிந்தாக வேண்டும். சார்ஜ் ஆகாத வண்டியில் எந்தப் புது பேட்டரியைப் போட்டாலும் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும். அதனால் முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.4 வோல்ட். நல்ல ஏஜிஎம் பேட்டரி (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈய பேட்டரி) என்றால் 12.8க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கியதும் 8க்கு விழுந்தது. அந்த நேரத்தில் 9.5க்குக் கீழே போனால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பூஸ்டர் பேக் (ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க பேட்டரி) வைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். 14.2 வோல்ட் வந்தது. ஸ்டேட்டரும் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) ரெகுலேட்டரும் (அந்த வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது) சரி. சாவியை அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்ததில் சில மில்லி ஆம்பியர்தான் கசிந்தது. அதுவும் பிரச்சினை இல்லை. (மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) ஆக, பேட்டரிதான்.

எங்கள் வண்டிக்குரிய பேட்டரி மாடல் ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ். 12 வோல்ட், 18 ஆம்பியர் ஹவர். இதில் அந்த 'எல்' எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. கடையில் முதலில் எடுத்து வைத்தது 'எல்' இல்லாத ஒய்டிஎக்ஸ்20-பிஎஸ். அளவு அச்சு அசல் அதேதான், ஆனால் பாசிட்டிவ் முனை எதிர்ப்பக்கம். கேபிளை இழுத்து மாற்றி மாட்டிவிட்டால் ஃபியூஸும் ரெகுலேட்டரும் போய்விடக்கூடும். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

அடுத்து சிசிஏ, அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யும் வலு. மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்ற கணக்கு அது. சாதாரண ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ் 270 தரும். அதே அளவில் வரும் ஒய்டிஎக்ஸ்20எச்எல்-பிஎஸ் 310 தரும். எங்கள் ஊர் சில இரவுகளில் மைனஸ் 25ஐத் தாண்டும். அந்தக் குளிரில் என்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடும். அதனால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் 310தான் வாங்கினேன்.

பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர், "லித்தியம் வாங்குங்க தம்பி, வெயிட்டே இருக்காது" என்றார். கோடையில் காட்டுப்பாதையில் ஓட்டுகிற அவருக்கு அது சரிதான். ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. பனி தள்ளுகிற வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

'பிஎஸ்' வகையில் ஆசிட் தனிப் புட்டியில் வரும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, புட்டியின் மேலுள்ள ஃபாயிலைக் கிழிக்காமல், அப்படியே தலைகீழாகப் பேட்டரியின் துளைகளில் அழுத்த வேண்டும். குமிழி வந்து ஆசிட் தானாக இறங்கும். அவசரப்படாமல் முழுக்க வடியவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். அதோடு வேலை முடியவில்லை. முதல் சார்ஜை முழுசாகக் கொடுக்க வேண்டும், 18 ஆம்பியர் ஹவருக்கு 1.8 ஆம்பியர் என்ற கணக்கில். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் அந்தப் பேட்டரி பிற்பாடு முழு வலுவுக்கு வருவதே இல்லை. மூடிப் பட்டையை ஒரு தடவை அழுத்தி மூடிவிட்டால் பிறகு திறக்கவே கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில்.

பழைய பேட்டரியைக் கொன்றது எங்கள் வேலைமுறைதான் என்று இப்போது நினைக்கிறேன். பனி தள்ளும்போது வண்டி மெதுவாக நகரும், ஐடிலிலேயே நிற்கும். அந்த வேகத்தில் ஸ்டேட்டர் தருவது கொஞ்சம். பிளேடைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் வின்ச் அதைவிட அதிகமாக இழுக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது பேட்டரி ஸ்டார்ட் செய்தபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கும். குறைந்த சார்ஜிலேயே கிடந்தால் தகட்டில் லெட் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதோடு உறைகிற ஆபத்தும் உண்டு: முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50இல்கூட உறையாது, காலியானது மைனஸ் 10 சுமாரிலேயே உறைந்து வெடிப்பு விடும்.

அதனால் ஃபியூஸ் வைத்த ஒரு சிறு வயரைப் பேட்டரி முனைகளில் நிரந்தரமாக மாட்டி வெளியே எடுத்துவிட்டேன். வண்டியை ஷெட்டில் விட்டதும் டெண்டர் சார்ஜரை அதில் சொருகிவிடுவோம். நிறைந்ததும் அது தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும். சும்மா நிற்கிற மாதங்களிலும் இதேதான். முனையில் வெள்ளைப் பொடி பூத்தால் கேபிளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்து, காயவைத்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கும் கிரீஸ்) தடவ வேண்டும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் ஆசிடும் இருக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பில்லில் சேர்த்திருந்த கோர் டெபாசிட்டை (பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம்) அங்கேயே திருப்பித் தந்துவிட்டார்கள்.