காலி வண்டி

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தால் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்வது இரண்டே வரி: ரொம்ப நல்லது, மாத்திரையை விடாதீங்க. அந்த லாரி டிரைவரிடமும் அதோடு விட்டிருக்கலாம்தான். "இல்லைன்னு வந்திருச்சே சார், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

எச்.ஐ.வி. தன் மரபணுவை, நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும், அவற்றில் சில செல்கள் வருஷக்கணக்கில் தூங்கும், வைரஸும் கூடவே தூங்கும் என்றேன். "நம்ம உடம்பு கண்டுபிடிக்காதா?"

செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை வெளியே காட்டும். அதைப் பார்த்துத்தான், வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் எதிர்ப்புச் செல்கள் ஆளை அடையாளம் பிடிக்கும். தூங்கும் வைரஸ் புரதமே செய்வதில்லை. "காலி வண்டியை செக்போஸ்ட்ல விட்டுருவாங்களே, அப்படியா?" என்றார். அதேதான். ஆனால் இது நிஜமாகக் காலி இல்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டுமோ என்னவோ. விழித்த பிறகும் அது செய்யும் தந்திரத்தைச் சொன்னேன். நெஃப் என்ற புரதம், துண்டுகளைக் காட்டும் ஏ, பி வகை மூலக்கூறுகளை உள்ளே இழுத்துவிடும். எல்லாவற்றையும் இழுத்தால், இந்த மூலக்கூறுகள் இல்லாத செல்லைக் கொல்லும் இயற்கைக் கொல்லிச் செல்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் சி வகையைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். அவருக்கு வரவில்லை.

"அப்போ சாகிற வரைக்கும் எனக்குள்ளதான் இருக்கும்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. வைரஸ் தென்படாத இந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் மனைவிக்குப் பரவாது என்றேன். தலையாட்டினார். காதில் விழுந்ததா, தெரியாது.

சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யோடு பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கிய குழந்தைக்கு, மருந்து நின்று 27 மாதம் வைரஸ் தென்படவே இல்லை. குணமாகிவிட்டது என்றே நம்பினார்கள். 2014இல் திரும்பி வந்தது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது திரும்பி வரச் சில வாரங்களே போதும். மருந்து சாப்பிட்டாலும் அந்தத் தூங்கும் செல்கள் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு இரண்டு வரியோடு எப்படி அனுப்புவது?

ஆனால் அன்று சிரித்துக்கொண்டு வந்தவர் அப்படிப் போகவில்லை. மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறார். ரிப்போர்ட்டை மட்டும் கையில் வாங்குவதில்லை. "நல்லாதானே இருக்கு? போதும் சார்" என்று கிளம்பிவிடுகிறார். "ஒழுங்கா சாப்பிடுறாரே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்கிறார் நர்ஸ் அக்கா. அவர் பயத்தில் சாப்பிடுகிறாரா, புரிந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டால், எதுவானால் என்ன என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.