கேபிள் இணைப்பை ரத்து செய்வதற்குள் பட்ட பாடு

ஒருவழியாக கேபிள் கம்பெனியிடமிருந்து 'பாக்கி இல்லை' என்று எழுத்தில் வாங்கியாயிற்று. டிவி சேனல்களை விடுவதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கம்பெனியிடமிருந்து விடுபடுவதில்தான் அத்தனை பாடும். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ரத்து செய்ய வேண்டும் என்று போனில் சொன்னதுமே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. பாதிக் கட்டணம், கூடுதல் சேனல் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகும். காரணம் சொன்னால் அதற்கும் ஒரு சலுகை தயாராக இருக்கும். அதனால் காரணமே சொல்லாதீர்கள். "வேண்டாம், ரத்து செய்யுங்கள்" என்பதோடு நில்லுங்கள். போனை வைக்குமுன் ரத்துக்கான எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்டர்நெட் போனது. டிவியை மட்டும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஆனால் எங்களுக்கு இரண்டும் ஒரே கோஆக்சியல் வயரில் வருகின்றன. வந்தவர் வெளியே வயரையே கழற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுபடி ஆள் வந்து மாட்டும்வரை வீட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. உங்களுக்கும் ஒரே வயர் என்றால், மோடத்தில் விளக்கு நிலையாக எரிவதைப் பார்த்த பிறகே அவரை அனுப்புங்கள். இன்டர்நெட்டுக்கு மட்டும் தனியாக எவ்வளவு என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். டிவியை எடுத்தால் சேர்த்து வாங்கியதற்கான தள்ளுபடியும் போய்விடும்.

டிவியோடு இணைக்கக் கம்பெனி கொடுத்திருந்த செட்-டாப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த கதைதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் பெட்டி, ரிமோட், அடாப்டர் மூன்றையும் வாங்கி உள்ளே தள்ளிவிட்டு, "சிஸ்டத்தில் ஏறிடும், போங்க" என்றார். ரசீது இல்லாமல் நகர மாட்டேன் என்று நின்ற பிறகுதான் 'பெட்டி 1' என்று மட்டும் எழுதி ஒரு சீட்டு கொடுத்தார். அடுத்த பில்லில், பெட்டி திரும்பி வரவில்லை என்று அதன் முழு விலையும் ஏறியிருந்தது. நல்லவேளை, கொடுக்குமுன் பெட்டியின் அடியில் இருந்த ஸ்டிக்கரை, சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தையும் சீட்டையும் ரத்து எண்ணோடு சேர்த்து அனுப்பிய பிறகுதான் தொகையை நீக்கினார்கள். அவர்கள் சீரியல் நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றிப் பதிந்திருக்கிறார்கள்! நீங்கள் சீரியல் நம்பர் எழுதிய ரசீதையே கேட்டு வாங்குங்கள். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், கடைசி பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்த கையோடு நிறுத்திவிடுங்கள்.

பெட்டியில் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சிகள் பெட்டியோடு போய்விடும். கேபிள் கணக்கை வைத்து உள்ளே போகும் சேனல் ஆப்களும் திறக்காது.

இப்போது ஆன்டெனாவும் ஸ்ட்ரீமிங்கும்தான். ஆன்டெனாவை, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் பழைய கேபிள் வயரிலேயே மாட்டினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. தேடிப் பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்ப்ளிட்டர். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் பாதி சிக்னலைக்கூட முழுதாகத் தராது. அதைக் கழற்றி நேராக இணைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன், எல்லாச் சேனலும் பளிச்சென்று வந்தன. ஆனால் அந்த வயர் வெளியே கேபிள் லைனோடு இன்னும் சேர்ந்திருந்தால் ஆன்டெனாவை அதில் மாட்டவே கூடாது.