தறி எங்களுடையது, நூல் முதலாளியுடையது

வரலாற்றுப் புத்தகத்தோடு வந்த மகள் நேற்றுக் கேட்டாள், “உம்மா, பாட்டாளி வர்க்கம் என்டா ஏழைகள்தானே?” ஓம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், ஆனால் கிழக்கிலங்கையின் மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

வாப்பாவின் தறி வீட்டு விறாந்தையில்தான் இருந்தது. சுபஹ் தொழுதுவிட்டு உட்காருவார், கயிற்றைச் சுண்டி இழுக்க, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும், பாவு நூல் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு ஒரே முறுக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பவும் தொடங்குவார். அந்தக் கயிற்று நாடாவுக்கு இங்கிலாந்தில் 1733இல் காப்புரிமை வாங்கியவர் ஜோன் கே.

அதனால் நெசவு வேகமானது, நூல் போதவில்லை. அப்புறம் ஹார்கிரீவ்ஸின் நூற்கும் இயந்திரம், 1771இல் குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் தொடங்கிய, தண்ணீர் விசையில் ஓடும் நூற்பாலை எல்லாம் வர நூல் மலிந்தது. கொஞ்சக் காலம் கைத்தறிக்காரருக்கு நல்ல வருமானம். கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785இல் வந்தாலும், திருத்தி எடுத்து இங்கிலாந்தின் லங்காஷயர் முழுக்கப் பரவ 1820கள் ஆகிவிட்டன, அதோடு கைத்தறிக் கூலி விழுந்தது. வீட்டில் தன் நேரத்துக்கு நெய்தவரின் பிள்ளைகள் ஆலை மணிக்கு ஓடினார்கள், பிந்தினால் கூலியில் வெட்டு. இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆலைப் பிள்ளைகளின் நிலையைப் பார்க்க அரசாங்கம் சம்பளத்துக்கு இன்ஸ்பெக்டர்களை நியமித்ததோ 1833இல்தான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆனால் மகளுக்கு நான் சொன்னது பிரான்சின் லியோன் நகரத்துக் கதை. அங்கே பட்டு நெய்தவர்கள் ஆலைக்குப் போனவர்களே இல்லை, தறி அவர்கள் வீட்டில், தறிக்குச் சொந்தக்காரரும் அவர்களே, பட்டுநூல் மட்டும் வியாபாரியுடையது. நெய்த துணிக்கு இவ்வளவு கூலி என்று ஒரு நிரந்தர விலைப்பட்டியல் கேட்டார்கள். வியாபாரிகள் பலர் மறுத்தார்கள். 1831 நவம்பரில் நெசவாளர் எழும்பி நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள், பிறகு படை வந்தது. சொந்தத் தறி இருந்தும் தன் உழைப்புக்கு விலை சொல்ல முடியாமல் போனதே, வர்க்கம் என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டிலும் அதே கணக்குத்தான். முதலாளி நூல் தருவார், வாப்பா சாரம் (லுங்கி) நெய்து கொடுப்பார், ஒரு சாரத்துக்கு இவ்வளவு என்று முதலாளி சொன்னதே கூலி. 1977இல் இலங்கை இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிய அதுவும் குறைந்தது.

“மூத்தவாப்பா கூட்டித் தரச் சொல்லிக் கேக்கலயா?” என்றாள் மகள்.

ஒருமுறை கேட்டார். அடுத்த கிழமை நூல் வரவில்லை.