காற்று எந்தப் பக்கம்?

அக்கா மகன் ராணுவத் தேர்வுக்காகத் தேவிபட்டினம் கரையில் தினமும் ஓடுகிறான். நேற்று மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவன், "அணுகுண்டுக்கெல்லாம் ட்ரெயினிங் உண்டாமே மாமா, பயமா இருக்காதா?" என்றான்.

என் ராணுவப் பயிற்சியில் பார்த்த கண்ணீர்ப்புகை அறையைப் பற்றிச் சொன்னேன். முகமூடியை நம்ப வைக்கத்தான் அந்த அறை. எனக்குப் பட்டை சரியாக இறுகவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுக வெளியே ஓடிவந்தேன். கரித்தூள் அடுக்கு வைத்த உடுப்பில் புழுக்கம் வேறு. பயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

கதிரியக்க வகுப்பு வேறு மாதிரி. நெடியில்லை, எரிச்சலில்லை. பின்வரிசையில் ஒருவன் குறட்டையே விட்டான். குண்டு வெடித்துக் கிளம்பும் கதிரியக்கத் தூசி காற்றோடு போய் எங்கே படியும் என்று வாத்தியார் வரைந்தபோதுதான் நான் நிமிர்ந்தேன். அடிக்கிற காற்று கச்சானா, கொண்டலா என்று பார்க்காமல் அப்பா வள்ளத்தைத் தள்ளமாட்டார். அந்தப் பாடம் எனக்கு வீட்டிலேயே ஆகிவிட்டது.

எங்களுக்கு எல்லாம் ஒத்திகைதான். 1951 நவம்பர் 1 அன்று நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நிஜமாகவே அணுகுண்டை வெடித்தார்கள், 21 கிலோடன், அதாவது 21,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் வலு. சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி உட்கார வைத்து, அப்புறம் வெடித்த இடத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். பயம் குறைகிறதா என்று பார்க்கக் கேள்வித்தாளும் கொடுத்தார்கள். மேலதிகாரி நடத்தும் பரீட்சையில் எந்தச் சிப்பாய் "பயம்" என்று எழுதுவான்? 1954 செப்டம்பரில் சோவியத்தின் டோட்ஸ்கோயேயில் சுமார் 45,000 பேரை வைத்து இதே வேலை. கதிர்வீச்சு பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1988-இல். வாய்ப்பூட்டு கழன்றதோ 1996-இல்தான்; அதுவரை பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது.

கேள்வித்தாளைவிட, உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் உண்மை பேசும் என்பேன். பேனா போல இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே ஒரு முள் தெரியும். பயிற்சியில் கதிர்வீச்சே கிடையாது, முள் நகராது. அது எங்களுக்கும் தெரியும். "இனி பிள்ளை பிறக்காதுடா" என்று கேலி பேசியவன்கூட, உடுப்பைக் கழற்றியதும் மரத்துப் பக்கம் ஒதுங்கிப்போய் அதை எடுத்துப் பார்த்தான்.

நானும் பார்த்தேன். இதை மட்டும் பயலிடம் சொல்லவில்லை. அவன் அதற்குள் மறுபடி ஓடப் போய்விட்டான்.